என் பியரில் மூன்று தடவையும் மருந்து வாடை: தவறு எங்கே நிகழ்கிறது?

வடலியடி | ரொறன்ரோ | 11 ஜனவரி

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் பியர் தயாரிக்கத் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. இதுவரை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 20 லீட்டர் அளவில் செய்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே குறை. முதல் தடவை அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை முகம் சுளித்தேன். கடந்த ஞாயிறு மூன்றாம் தடவையின் முதல் போத்தலைத் திறந்து குவளையில் ஊற்றியபோது, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாடை அறை முழுவதும் எழுந்தது. அடுத்த அறையிலிருந்து வந்த என் மனைவி, யாருக்காவது கை வெட்டுப்பட்டுவிட்டதா என்று உண்மையாகவே கேட்டார். மீதி ஐம்பத்து மூன்று போத்தல்களையும் கொட்டுவதற்கு முன்னர் காரணத்தையாவது அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நான் செய்தது இதுதான்: 3 கிலோ திரவ மால்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு), 40 கிராம் கஸ்கேட் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஒரு மணிநேரக் கொதி. ஆறிய பின் அடர்த்தி 1.045 (தண்ணீர் 1.000). அதில் 11.5 கிராம் உலர் ஈஸ்ட் தூவினேன். நிலக்கீழ் அறையில் 19 பாகையில் பதினான்கு நாள்கள் வைத்தேன். இறுதி அடர்த்தி 1.011. கணக்குப்படி மதுசாரம் ஏறத்தாழ 4.5 வீதம். 120 கிராம் சீனி சேர்த்துப் போத்தலில் அடைத்து, மேலும் இரண்டு வாரம் பொறுத்தேன்.

எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆகவே நுண்ணுயிர்த் தொற்றாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். வாளியை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் வழியா?

தேம்ஸ் தென்கரை | லண்டன் | 11 ஜனவரி

தொற்றேதான் நண்பரே. மூன்று தடவையும் ஒரே வாளி, ஒரே குழாய் என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வாளியைத் தேய்த்துக் கழுவும்போது விழும் கீறல்களில் காட்டு ஈஸ்ட் குடியேறிவிட்டால் எந்த மருந்தும் அங்கே போய்ச் சேராது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். முதல் வருடம் வாளியின் அடியில் இருக்கும் திருகு குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. வாளியை நிரப்பிக் கிருமிநாசினி ஊற்றி, குழாயைத் திறந்து ஓடவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஐந்தாவது முறை பியர் புளித்துப்போன பிறகு அந்தக் குழாயை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுழலும் பகுதிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில், தோசைக்கல்லின் ஓரத்தில் படிவதைப் போன்ற பழுப்புப் படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் வழுவழுவென்று உரிந்து வந்தது. ஐந்து முறை தயாரித்த பியரும் அதன் வழியாகத்தான் பாட்டிலுக்குள் இறங்கியிருக்கிறது. அன்றே வாளி, குழாய், ரப்பர் வளையம் அனைத்தையும் மாற்றினேன். நீங்களும் மாற்றிவிடுங்கள்.

யாரா ஓரம் | மெல்பர்ன் | 12 ஜனவரி

தென்கரை சொன்ன குழாய்க் கதை முற்றிலும் உண்மை. குழாயைப் பிரித்துக் கழுவாதவர்கள் இன்றே பிரித்துப் பாருங்கள். ஆனால் வடலியடிக்கு நேர்ந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். வாளியை இப்போது எறிய வேண்டாம்.

வாடைகளைப் பிரித்தறிவது இந்தக் கலையில் பாதி. காட்டு ஈஸ்ட் தரும் பீனால் வாடை பெரும்பாலும் கிராம்பை நினைவூட்டும். பாக்டீரியா புகுந்தால் புளிப்பு வரும். சில வேளைகளில் மேலே வெள்ளை ஏடு படரும். போத்தலின் அடர்த்தி 1.011-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். திறந்தவுடன் நுரை பொங்கி வழியும். இவற்றுள் ஒன்றையும் நீங்கள் குறிப்பிடவில்லை. நீங்கள் சொல்வது பிளாஸ்டர், மருத்துவமனை, மருந்து. அந்த வாடைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது குளோரோபீனால். மால்ட்டிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் இயல்பாகவே வரும் பீனால் சேர்மங்கள் குளோரினைச் சந்திக்கும்போது இது உருவாகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். போத்தலில் எத்தனை மாதம் வைத்தாலும் இது தணியாது.

எனவே இரண்டு கேள்விகள். எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினீர்கள்? எதைக் கொண்டு கிருமி நீக்கினீர்கள்? நினைவிலிருந்து சொல்லாமல், அன்று குறித்து வைத்ததிலிருந்து சொல்லுங்கள்.

வடலியடி | ரொறன்ரோ | 12 ஜனவரி

நன்றி அண்ணா. என் குறிப்பேட்டில் அடர்த்தியும் வெப்பநிலையும் மட்டுமே இருக்கின்றன; தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் மூன்று தடவையும் ஒரே முறையைத்தான் பின்பற்றினேன்.

தண்ணீர், மாநகரசபையின் குழாய்த் தண்ணீர். குளோரின் போய்விடும் என்று கேள்விப்பட்டு, முதல் நாள் இரவே பெரிய பானையில் பிடித்து மூடாமல் வைத்தேன். மறுநாள் ஒரு மணிநேரம் கொதிக்கவும் வைத்தேன். அதனால்தான் தண்ணீரைச் சந்தேகிக்கவே இல்லை.

கிருமி நீக்கியது வாசனை சேர்க்காத வெளுக்கும் திரவத்தால். வாளியையும் போத்தல்களையும் அரை மணிநேரம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரால் ஒரு தடவை அலசினேன். முதல் தடவை அளந்து ஊற்றினேன். குறை தெரிந்த பிறகு, தொற்று என்று பயந்து அடுத்த தடவைகளில் அளவைக் கூட்டினேன்.

எங்கள் ஊரில் பனையில் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பணி (பதநீர்), பூசாமல் கட்டினால் கள். எது உள்ளே போகிறதோ அதுதான் வெளியே வரும் என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். பாத்திரத்தில் பூசியதையும் அதே கண்ணோடு பார்த்திருக்க வேண்டும் என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

யாரா ஓரம் | மெல்பர்ன் | 13 ஜனவரி

நீங்கள் எழுதியதில் அரிதான ஒரு செய்தி இருக்கிறது: திரவத்தின் அளவைக் கூட்டியபோது வாடையும் கூடியது. தொற்றாக இருந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும். வெளுக்கும் திரவத்தில் இருப்பதும் குளோரின்தான்.

இனித் தண்ணீர். இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது சரி. ஆனால் ரொறன்ரோவின் குடிநீரில் குளோரினோடு அமோனியாவைச் சேர்த்துக் குளோரமைனாக மாற்றி அனுப்புகிறார்கள். நெடுந்தூரக் குழாய்களில் நீண்ட நேரம் நிலைத்து நின்று நீரைக் காக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். நிலைத்து நிற்பதற்காகத் தேர்ந்தெடுத்த ஒன்று ஓர் இரவில் பறந்துபோகாது. கொதியிலும் எளிதில் அகலாது. குடிப்பதற்கு அந்த நீரில் எந்தக் குறையும் இல்லை, பியருக்குத்தான் அது பொருந்துவதில்லை. லண்டனிலும் பல பகுதிகளில் இதே நிலைதான் என்பதைத் தென்கரை கவனிக்க வேண்டும்.

தீர்வு மலிவானது. பியர்ப் பொருள்கள் விற்கும் கடைகளில் காம்ப்டன் மாத்திரை கிடைக்கும். அது பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை ஏறத்தாழ 75 லிட்டருக்குப் போதும். உங்களுடைய 20 லிட்டருக்குக் கால் மாத்திரையைக் கொஞ்சம் தாராளமாக உடைத்துப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரினும் குளோரமைனும் செயலிழந்துவிடும்.

வெளுக்கும் திரவத்தை இனிப் பயன்படுத்த வேண்டாம். அதற்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த, அலசத் தேவையில்லாத கிருமிநாசினி இருக்கிறது. ஐந்து அமெரிக்க காலனுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது லிட்டருக்கு 1.6 மில்லிலிட்டர் அளவு. கரைசலின் pH எண் (குறையக் குறைய அமிலம் கூடும்) 3-க்குக் கீழே இருக்கும்வரை அது வேலை செய்யும். ஓர் எச்சரிக்கையைத் தனியே சொல்கிறேன்: வெளுக்கும் திரவமும் இந்த அமிலமும் ஒரே பாத்திரத்தில் ஒருபோதும் சேரக் கூடாது, சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். பழைய திரவம் எஞ்சிய வாளியில் அப்படியே புதியதை ஊற்றிவிடாதீர்கள்.

இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் உங்கள் பியர் சரியாகிவிடும் என்றே நம்புகிறேன். ஆனால் இரண்டில் எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாமல் போகும். நேரம் இருந்தால் மூன்று கண்ணாடிக் குடுவைகளில், நான்கு நான்கு லிட்டராகச் சோதித்துப் பாருங்கள். முதல் குடுவைக்கு நீங்கள் வழக்கமாக எடுக்கும் குழாய்த் தண்ணீர், அமிலக் கிருமிநாசினி. இரண்டாவதற்கு மாத்திரை கலந்த தண்ணீர், அதே கிருமிநாசினி. மூன்றாவதற்கு மாத்திரை கலந்த தண்ணீர், ஆனால் குடுவையும் போத்தலும் உங்கள் பழைய முறைப்படி வெளுக்கும் திரவத்தில் ஊறி ஒரு தடவை மட்டும் அலசப்பட்டவை. மற்ற அனைத்தும் ஒன்றே: குடுவைக்கு 600 கிராம் திரவ மால்ட், ஒரே ஹாப்ஸ், தராசில் நிறுத்த 2.3 கிராம் ஈஸ்ட், ஒரே அறை.

பனிக்காடு | நியூ ஜெர்சி | 14 ஜனவரி

ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்பதன் அருமையை எனக்கு ஒரு கோடைக்காலம் கற்றுக்கொடுத்தது. ஜூலையில் தயாரித்த பியர் பெயின்ட் கரைப்பானைப் போல நெடியடித்தது. ஒரு குவளைக்கே தலை கனத்தது. நான் பதறிப்போய் அடுத்த முறை மால்ட்டை மாற்றினேன், ஈஸ்டை மாற்றினேன், தண்ணீரைக் கடையில் வாங்கினேன், கொதிநேரத்தையும் கூட்டினேன். அது அக்டோபர் மாதம். பியர் நன்றாக வந்தது. மால்ட்தான் காரணம் என்று முடிவு கட்டி, விலை கூடிய அந்த மால்ட்டையே ஒரு வருடம் வாங்கினேன். மறு ஜூலையில் அதே நெடி திரும்பி வந்துவிட்டது.

உண்மையான காரணம் வெப்பம். அறை 24 டிகிரி என்றால் வாளிக்குள்ளும் 24 என்று நினைத்திருந்தேன். ஈஸ்ட் உழைக்கும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாள்களில் வாளியின் உள்ளே அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை கூடுதலாக இருக்கும். வாளியின் பக்கத்தில் வெப்பமானியை ஒட்டி, அதன்மேல் துணியை மடித்துக் கட்டிப் பார்த்தபோது 28 காட்டியது. அந்த வெப்பத்தில் பெரும்பாலான ஏல் (நாம் வீட்டில் செய்யும் பியர் வகை) ஈஸ்டுகள் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும். அந்தக் கரைப்பான் நெடியும் கடுப்பும் அவற்றிலிருந்தே வந்தன.

இப்போது கோடையில் வாளியை ஓர் அகலத் தொட்டியில் தண்ணீருக்குள் நிறுத்துகிறேன். பழைய பருத்திச் சட்டையை வாளிக்குப் போர்த்தி, அதன் கீழ் நுனி தண்ணீரில் தொங்கும்படி விட்டு, மின்விசிறியைத் திருப்பிவைக்கிறேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியேதான். காலையிலும் மாலையிலும் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டால் 19 டிகிரியில் நிற்கிறது. முதல் மூன்று நாள்கள்தான் முக்கியம்; அதற்குப் பின் ஓரிரு டிகிரி கூடினால் பாதகமில்லை, ஈஸ்ட் வேலையை முடிக்க அது உதவவும் செய்யும்.

வடலியடி, நீங்கள் குறித்த 19 அறையினுடையதா, வாளியினுடையதா என்பதையும் எழுதிவையுங்கள்.

தேம்ஸ் தென்கரை | லண்டன் | 14 ஜனவரி

யாரா ஓரம் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு நேர்ந்ததை அவருக்கும் நேர்ந்ததாக எடுத்துக்கொண்டு விடை சொல்லிவிட்டேன். ஐம்பது பவுண்டு செலவு செய்து புதிய வாளி வாங்கியிருந்தாலும் அவருடைய பியர் நான்காம் முறையும் மருந்தாகவே வந்திருக்கும்.

அளக்காமல் முடிவு செய்யும் இந்தப் பழக்கம் எனக்கு ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. புதியவர்கள் யாராவது படிப்பார்கள் என்பதால் அதையும் பதிவு செய்கிறேன். இரண்டாவது முறை தயாரித்தபோது, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) குமிழி நின்றுவிட்டதைப் பார்த்து நொதித்தல் முடிந்தது என்று நம்பிப் பாட்டிலில் அடைத்தேன். உண்மையில் குளிர்ந்த இரவொன்றில் ஈஸ்ட் சோர்ந்திருந்தது. வாளியின் மூடியும் சரியாகப் பொருந்தாததால் வாயு ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அன்றைய அடர்த்தி 1.018. அதே செய்முறையில் முதல் முறை 1.012 வரை இறங்கியிருந்தது என் கையேட்டிலேயே இருந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். அடர்த்தி ஒரு புள்ளி (0.001) இறங்கினால் பியரின் கொள்ளளவில் ஏறத்தாழ அரை மடங்கு வாயு உண்டாகும். ஆறு புள்ளிக்கு மூன்று மடங்கு. நுரைக்காக நான் வேண்டுமென்றே சேர்த்த சர்க்கரையால் இரண்டரை மடங்கு ஏற்கெனவே இருந்தது. மூன்று மடங்கைத் தாங்கும் பாட்டிலில் ஐந்தரை மடங்கு. பன்னிரண்டாம் நாள் நள்ளிரவில் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரியில் முதல் பாட்டில் வெடித்தது. காலையில் பார்த்தபோது கண்ணாடித் துண்டொன்று அட்டைப்பெட்டியைத் துளைத்து அலமாரிக் கதவின் உட்பலகையில் குத்தி நின்றது. என் மகளின் காலணிகள் அந்த அலமாரியில்தான் இருக்கும். மீதியைத் தடித்த கையுறையும் கண்ணாடிக் கவசமும் அணிந்து, போர்வையால் மூடி, ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டிக்கு மாற்றி, நன்றாகக் குளிர்ந்த பிறகே திறந்து வாயுவை வெளியேற்றினேன்.

குமிழியை நம்பாதீர்கள். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரு முறை பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடையுங்கள். மாதிரியை 20 டிகிரிக்கு ஆறவைத்துப் பாருங்கள். சூட்டோடு அளந்தால் எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

நொய்யல் கரை | கோவை | 15 ஜனவரி

ஆர்வமாகப் படித்துவருகிறேன். இங்கே கோவையில் மால்ட்டும் ஈஸ்டும் இணையத்தில் கிடைக்கின்றன. சிறிய அளவில், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் நானும் முயன்று பார்க்கலாமா?

நெறியாளர் | 15 ஜனவரி

முயல வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, அளவு எவ்வளவு சிறியதானாலும், குற்றம். இந்த இழையில் எழுதுவோர் வாழும் நாடுகளில் நிலை வேறு. பிரிட்டனில் வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் தேவையில்லை என்று 1963-இல் ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அதற்குப் பின்னும் மிசிசிப்பி, அலபாமா ஆகிய மாநிலங்கள் 2013 வரை அனுமதிக்கவில்லை. எங்கேயும் விற்பனைக்கு இந்த அனுமதி பொருந்தாது. இழை தொடரட்டும்.

வடலியடி | ரொறன்ரோ | 17 பெப்ரவரி

ஐந்து வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். குடுவைகளை அவசரப்படுத்தக் கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

ஜனவரி 18-இல் மூன்று குடுவைகளையும் தொடங்கினேன். தொடக்க அடர்த்தி மூன்றிலும் 1.045. பனிக்காடு கேட்டதற்காக ஒவ்வொரு குடுவையிலும் வெப்பமானியை ஒட்டினேன்: அறை 18, குடுவைகள் உச்ச நாளில் 20. 20 லீட்டர் வாளி இன்னும் சூடேறியிருக்கும் என்று இப்போது விளங்குகிறது. பெப்ரவரி 1-இல் மூன்றும் 1.011, மூன்று நாள் முன்னரும் அதே எண். குடுவைக்கு 24 கிராம் சீனி சேர்த்து அடைத்தேன்.

நேற்று மாலை சோதித்தோம். எது எதுவென்று எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மனைவியே சமையலறையில் ஊற்றி, அடியில் எண் ஒட்டிய குவளைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று குவளைகள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானதை நான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு நண்பரும் உடன் அமர்ந்தார்.

வெளுக்கும் திரவத்தில் ஊறிய மூன்றாம் குடுவையை இருவரும் மூக்கருகே கொண்டுபோகும் முன்னரே கண்டுகொண்டோம். அதே பிளாஸ்டர் வாடை. என் முதன்மையான தவறு அதுதான். தொற்றை விரட்டுவதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் நானே அதைக் கூட்டியிருக்கிறேன்.

குழாய்த் தண்ணீர்க் குடுவை எங்களைத் திணறடித்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முதல் சுற்றில் இருவருமே தவறாகச் சொன்னோம். இருபது நிமிடங்கள் கழித்துக் குவளை சற்றுச் சூடானதும் இரண்டாம் சுற்றை வைத்தார். அப்போது விழுங்கிய பிறகு நாக்கின் பின்புறத்தில் மெல்லிய மருந்துச் சுவை நின்றது. இருவரும் சரியாகச் சொன்னோம். ஓர் இரவு திறந்துவைத்த தண்ணீர்தான் அது.

மாத்திரை கலந்து அமிலத்தால் சுத்தம் செய்த இரண்டாம் குடுவையில் மால்ட்டின் இனிப்பும் கஸ்கேட்டின் தோடம்பழத் தோல் மணமும் தவிர வேறொன்றும் இல்லை. இந்த ஹாப்ஸுக்கு இப்படி ஒரு மணம் இருக்கிறது என்பதையே ஏழு மாதங்களுக்குப் பிறகு நேற்றுத்தான் அறிந்தேன்.

யாரா ஓரம் | மெல்பர்ன் | 18 பெப்ரவரி

மனம் நிறைந்தது. குளிர்ந்திருக்கும்போது தெரியாத குறை சூடானதும் தெரிகிறது என்பதை நீங்களே கண்டது, நான் பத்துத் தடவை எழுதுவதைவிட மேலானது.

தொற்று என்று பயந்ததற்காக வருந்த வேண்டாம். கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையிலேயே பியர் கெட்டுப்போனதன் காரணத்தைத் தேடித்தான் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றை ஈஸ்ட் கலத்திலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். அவரும் ஈஸ்ட் வகைகளைத் தனித்தனியே வைத்துச் சோதித்துத்தான் குற்றவாளியைப் பிடித்தார். நீங்கள் செய்ததும் அந்த வழிதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். பழைய வாளியை எறியாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். ஆனால் ஏழு மாதம் வெளுக்கும் திரவம் ஊறிய பிளாஸ்டிக் என்பதால், அதில் மாத்திரை கரைத்த வெந்நீரை ஓர் இரவு நிறுத்தி, காலையில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். திருகு குழாயையும் பிரித்துக் கழுவுங்கள். தென்கரையின் பேச்சையும் ஒரு தடவை கேட்டதாக இருக்கட்டும்.

வடலியடி | ரொறன்ரோ | 23 பெப்ரவரி

வாளியை முகர்ந்தேன், வாடை இல்லை. குழாயைப் பிரித்தேன். உள்ளே தென்கரை அண்ணா சொன்ன அதே பழுப்புப் படலம், நகத்தளவு, படியத் தொடங்கியிருந்தது. புதிய குழாய் ஆறு டொலர், வாங்கிப் பொருத்திவிட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை நான்காவது 20 லீட்டரைத் தொடங்கினேன். குறிப்பேட்டில் முதல் வரியாகத் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறேன்: மாநகரக் குழாய், கால் மாத்திரை, காலை 8.10. தொடக்க அடர்த்தி 1.046. இன்று காலை வாளியின் பக்கத்தில் 19, அறையில் 17. நுரை மூடிவரை ஏறி நிற்கிறது.